ஓரிலையில் இரு மருந்து

எளிதிற் கிடைப்பதனாலேயே மதிப்பிழந்து நிற்கும் பொருள்கள் நம் நாட்டிற் பல. அவற்றுள் ஒன்று சோற்றுக் கற்றாழை. கிணற்றடியிலும் வேலியோரத்திலும் மணல்மேட்டிலும் அது கேட்பாரற்று வளர்ந்து கிடக்கும். சிலர் அதனை வேரோடு பிடுங்கித் திருஷ்டி கழிவதற்காக வீட்டு வாயிலிலே தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுவர். இந்நாளிலோ அதன் நிலை முற்றிலும் மாறிவிட்டது. கடைத்தெருவிலே புட்டிகளில் அடைபட்டு, முகத்துக்குப் பூசவும், முடிக்குத் தடவவும், வெறும் வயிற்றிற் பருகவும் உரியதாக அது விலை கூறப்படுகின்றது. வாயிலில் தொங்கும் செடியை மறந்தவர்களும் புட்டிக்குப் பொருள் கொடுக்கின்றனர்.

இவ்விரண்டு நிலைக்கும் இடையே உண்மை யாது? கற்றாழை மருந்தா, அன்றி வெறும் பேச்சா? நாம் இக்கட்டுரையில் விளக்க முற்படுவது ஒன்றே. கற்றாழையின் ஓரிலையில் இருப்பது ஒரு மருந்தன்று, இரண்டு மருந்துகள். அவை தம்முள் மாறுபட்ட குணமுடையன. ஒன்று குளிர்ச்சி தரும் சோறு. மற்றொன்று குடலைக் கலக்கும் மஞ்சள் பால். இவ்விரண்டையும் பிரித்தறிந்து கையாண்டதே நம் முன்னோரின் மருத்துவ அறிவு. பிரிக்கத் தெரியாமற் கையாளுவதே இக்காலத்தார் பிழை. அப்பிழையை நாங்களும் ஒருமுறை செய்தோமாதலால், அதனைச் சொல்லியே தொடங்குவோம்.

சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில், செடிகொடிகளில் விருப்பமுடைய மாணவர் சிலர் ஒன்றுகூடிச் செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்திற்குக் கால்நடையாகப் புறப்பட்டோம். வழி ஏறக்குறைய 30 கிலோமீட்டர். ஏரிக்கரைகளும், வேதகிரியின் அடிவாரமும், வயல்களும் கடந்து கிழக்கே செல்லச் செல்ல, மண் சிவப்பு மாறி வெண்மணலாகின்றது. உப்புக்காற்று முகத்தில் அறைகின்றது. சவுக்குத் தோப்புகள் தொடங்குகின்றன. அத்தோப்புகளின் ஓரத்திலே, வேறு பசும்புல் அரிதான மணலில், கற்றாழை கூட்டங்கூட்டமாக நின்றது. நடந்த களைப்பினாலும் வெயிலினாலும் உடற்சூடு மிகுந்ததென்று கூறிய நண்பர் ஒருவர்க்கு, நாங்கள் ஒரு மடலை அறுத்து, தோலைச் சீவி, சோற்றை மோரிற் கலக்கிக் கொடுத்தோம். அப்போது மாலை ஆறு மணி. கசப்பைப் பொறுத்துக்கொண்டு அவரும் குடித்தார். எட்டு மணி நேரம் யாதொரு துன்பமும் இல்லை. நள்ளிரவு கழிந்தபின் அவருக்கு வயிற்றை முறுக்கிப் பிடித்த வலியும், அடுத்தடுத்த பேதியும் கண்டு, விடியும்வரை எவரும் உறங்கவில்லை. மருந்து கொடுத்த எங்கள் அச்சத்தைச் சொல்லி முடியாது.

காலையில் மீனவர் குப்பத்து மூதாட்டி ஒருவர் செய்தி கேட்டு வந்து, உப்பும் வெல்லமும் இட்ட கஞ்சித் தெளிவை நோயாளிக்குக் கொடுத்துவிட்டு, எங்களை நோக்கி ஒரே கேள்வி கேட்டார்: "பாலை வடிய விட்டீங்களா தம்பி? ஏழு தண்ணி அலசினீங்களா?" நாங்கள் இரண்டையும் செய்யவில்லை. தாவர நூலிற் பாடங் கேட்ட எங்களுக்குத் தெரியாத ஒன்று பள்ளி சென்றறியாத அம்மூதாட்டிக்குத் தெரிந்திருந்தது. நண்பர் அன்று மாலையே நலமுற்றார். ஆயினும் அக்கேள்வி எங்களை விட்டு நீங்கவில்லை. ஏன் பாலை வடிக்க வேண்டும்? ஏன் பலமுறை கழுவ வேண்டும்? எட்டு மணி நேரம் அமைதியாயிருந்து பின் வலி எழுந்தது ஏன்? இவற்றிற்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

முதற்கண் இச்செடியின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். நம் கடற்கரைக்கு இது பழகிய செடியேயாயினும், இதன் தாயகம் அரபு தீபகற்பம் என்பது தாவர நூலார் துணிபு. வாணிகரோடு பல நாடுகளுக்குச் சென்று, வறண்ட நிலம் கண்ட இடமெல்லாம் குடியேறிவிட்டது. சித்த மருத்துவத்தில் இதற்குக் குமரி, கன்னி என்னும் பெயர்கள் உண்டு. மூப்பறியாது என்றும் பசுமையாய் நிற்பதனால் அப்பெயர்கள் பொருத்தமுடையனவே. சோற்றுக் கற்றாழை என்னும் வழக்கோ அதன் உள்ளீட்டால் வந்தது. மரத்தின் உள்ளிருக்கும் மெல்லிய பகுதியையும் சோறு என்பது தமிழ் வழக்கன்றோ?

மேனாட்டுத் தாவர நூலில் இச்செடி பெயர் பெற்ற கதை சுவையானது. 1753-இல் லின்னேயஸ் இதனை வேறோர் இனத்தின் வகையாகக் குறித்தார். 1768-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்திலே, பத்து நாள் இடைவெளியில், இருவர் இதனைத் தனி இனமாக வெளியிட்டனர். முந்தியவர் பர்மன், அவர் இட்ட 'ஆலோ வெரா' என்னும் பெயரே இன்று நிலைத்திருக்கின்றது. பிந்திய மில்லர் இட்ட 'ஆலோ பார்படென்சிஸ்' என்னும் பெயர் மருந்துப் புட்டிகளின் மேற்சீட்டுகளில் இன்னும் காணப்படுகின்றது. அதே 1768-இல் லின்னேயஸின் மாணாக்கராகிய கோனிக் என்பவர் தரங்கம்பாடி மிஷனுக்கு மருத்துவராக வந்து சேர்ந்தார். 1785-இல் இறக்கும்வரை தென்னாட்டுச் செடிகளை ஆராய்வதிலேயே தம் வாழ்நாளைச் செலவிட்டவர் அவர். மணற்கரையில் வளரும் கற்றாழைக்குக் 'கரையோரத்தது' என்று பொருள்படும் 'லிட்டோராலிஸ்' என்னும் பெயரைக் குறித்துவைத்தவரும் அவரே. இன்று அதனைத் தனி வகையாகக் கொள்வதில்லையெனினும், மணலும் கற்றாழையும் கொண்ட நட்பை அப்பெயர் நினைவூட்டுகின்றது. பின்னர், 1813-இல் சென்னையில் வெளிவந்த தம் மருந்து நூலில், ஐன்ஸ்லி என்னும் மருத்துவர் நம் நாட்டுச் சரக்குகளைத் தமிழ்ப் பெயர்களோடு தொகுத்தளித்தார்.

நீரற்ற மணலிலும், வேர் காற்றிலாடத் தலைகீழாய்த் தொங்கும்போதும் இச்செடி வாழ்வது எங்ஙனம்? ஏனைய செடிகள் பகலில் இலைத் துளைகளைத் திறந்து கரியமில வாயுவை உட்கொள்ளும். அப்பொழுது அவற்றின் நீரும் ஆவியாகி வெளியேறும். கற்றாழையோ பகலிலே துளைகளை மூடிக்கொண்டு, குளிர்ந்த இரவிலே திறக்கின்றது. இரவில் உட்கொண்ட வாயுவை மாலிக் அமிலமென்னும் புளிப்புப் பொருளாக மாற்றிச் சேமித்துவைத்து, பகலில் சூரிய ஒளி வந்தவுடன் அதனின்று உணவு சமைத்துக்கொள்கின்றது. இம்முறைக்குரிய குறிப்பை முதலில் எழுதியோருள் ஒருவர் நம் சென்னை மாகாணத்தில் வாழ்ந்தவர் என்பது நமக்குப் பெருமை. மொரேவியச் சபையின் மிஷனரியாகத் தரங்கம்பாடிக்கு வந்து, பின் சென்னை அரசாங்கத்தின் தாவர நூலாராக விளங்கிய பெஞ்சமின் ஹெய்ன் என்பவர், ரணகள்ளியின் இலையை மென்று பார்த்தார். அது காலையிற் புளித்து, நண்பகலிற் சுவையற்று, மாலையிற் கசந்தது கண்டு லண்டன் லின்னேயச் சங்கத்தார்க்கு எழுதினார். அக்கடிதம் 1815-இல் அச்சாயிற்று. மென்று பார்த்த ஒரு நாவின் கூர்மையிலிருந்து பெரியதோர் உண்மை பிறந்தது.

இனி மடலை அறுத்துப் பார்ப்போம். புறத்தே மெழுகு பூசினாற்போன்ற பச்சைத் தோல். அத்தோலை அடுத்து உட்புறத்தே நீரும் உணவும் செல்லும் நரம்புக் கற்றைகள் வரிசையாய் ஓடுகின்றன. அக்கற்றைகளை ஒட்டியுள்ள அறைகளிலேதான் கசப்பான மஞ்சள் பால் தங்கியிருக்கின்றது. அதற்கும் உள்ளே, மடலின் பெரும்பகுதியாய், நிறமும் மணமுமற்ற கண்ணாடி போன்ற சோறு உள்ளது. தோலுக்கும் சோற்றுக்கும் நடுவே பால் இருத்தலின், கத்தி எவ்வளவு கவனமாய்ச் சென்றாலும், தோலைச் சீவும்போது பால் சோற்றின்மேற் கசிந்து படியாதிருப்பதில்லை. எங்கள் நண்பர் சோறு உண்டதாக நினைத்தார். உண்டது சோறும் பாலும் ஆகும்.

பாலின் தன்மையை முதலிற் காண்போம். மடல்களை அறுத்துச் சாய்த்து வைத்தால் பால் தானே வடியும். அதனைக் காய்ச்சி இறுகச் செய்தால் கருநிறக் கட்டியாகும். நாட்டு மருந்துக் கடைகளில் மூசாம்பரம் என்றும் கரியபோளம் என்றும் விற்கப்படுவது அதுவே. மூசாம்பரம் என்பது 'முஸப்பர்' என்னும் அரபிச் சொல்லின் திரிபு; இச்சரக்கு அரபு வாணிகர் கைவழி வந்ததற்கு அச்சொல்லே சான்று. அடிபட்ட வீக்கத்திற்கு மூசாம்பரத்தை இழைத்துப் பற்றிடுவதைக் கிராமங்களில் இன்றும் காணலாம். ஆவி பிடிக்கப் பயன்படும் பென்சாயின் டிங்சரின் கூட்டுச் சரக்குகளுள்ளும் இஃது ஒன்று.

1851-இல் எடின்பரோ நகரத்து ஸ்மித் சகோதரர் மூசாம்பரத்தினின்று ஒரு மஞ்சட் பொருளைப் பளிங்குருவாகப் பிரித்தெடுத்தனர். அதற்கு ஆலோயின் என்று பெயர். இதுவே மலமிளக்கும் சத்து. ஆனால் இது வயிற்றில் விழுந்தவுடன் வேலை செய்வதில்லை. ஒரு சர்க்கரைக் கூறு இதனுடன் இறுகப் பிணைந்திருத்தலால், இரைப்பையும் சிறுகுடலும் இதனை உடைக்க இயலாமல் அப்படியே விட்டுவிடுகின்றன. பெருங்குடலை அடைந்த பின்னரே அங்கு வாழும் நுண்ணுயிர்கள் அப்பிணைப்பை வெட்டி, ஆலோ எமோடின் ஆந்த்ரோன் என்னும் பொருளை விடுவிக்கின்றன. அப்பொருள் குடலின் உட்சுவரைத் தூண்டி அதன் அசைவை மிகுவித்து, நீர் உடலுள் உறிஞ்சப்படுவதைத் தடுக்கின்றது. விளைவு பேதியே. 1996-இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர் இதனைத் தெளிவாகக் காட்டினர். குடலில் நுண்ணுயிரே இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளுக்கு ஆலோயினைக் கொடுத்தபோது பேதி உண்டாகவில்லை. அதனை வெட்டவல்ல ஒருவகை நுண்ணுயிரைக் குடியேற்றியபின் கொடுத்தபோது பேதி உண்டாயிற்று. ஆலோயின் பெருங்குடலை அடைந்து இவ்வாறு மாறுதற்கு 6 முதல் 12 மணி நேரம் ஆகும். எங்கள் நண்பருக்கு எட்டு மணி நேரம் அமைதி நிலவியதன் காரணம் இப்பொழுது விளங்குகின்றதன்றோ?

அளவோடு உண்டால் இது மலச்சிக்கலுக்கு மருந்து. உலகச் சுகாதார நிறுவனத்தின் மருந்துச் செடி நூல், நாளொன்றுக்கு வேண்டிய சத்து 10 முதல் 30 மில்லிகிராம் என்று வரையறுக்கின்றது. அஃது ஓர் அரிசி மணியின் எடையளவே. அதனையும் பல நாள் தொடர்ந்து உண்ணலாகாது என்றும், கர்ப்பிணிகளும் பத்து வயதுக்குட்பட்ட சிறுவரும் உண்ணலாகாது என்றும் அந்நூல் எச்சரிக்கின்றது. இடுப்புப் பகுதியில் இரத்த ஓட்டத்தை மிகுவித்துக் கருப்பையைத் தூண்டும் அச்சம் இருப்பதனால் கர்ப்பிணிகளுக்கு இது விலக்கு. நம் மருத்துவர் தடைப்பட்ட சூதகத்தை வெளிப்படுத்த மூசாம்பரத்தைக் கையாண்டதும் இக்குணம் நோக்கியே. தொடர்ந்து உண்போர்க்குப் பேதியோடு பொட்டாசியம் என்னும் உப்பும் உடலைவிட்டு நீங்குதலால் தசைகள் தளரும். இருதயத் துடிப்பும் தடுமாறும். 2002-இல் அமெரிக்க அரசாங்கத்தின் உணவு மருந்து நிர்வாகம், மருத்துவர் சீட்டின்றி விற்கப்படும் மலமிளக்கிகளில் கற்றாழைப் பாலைச் சேர்க்கலாகாதென விலக்கிவிட்டது. பாதுகாப்பை நாட்டப் போதிய சான்றை உற்பத்தியாளர் அளிக்கவில்லை.

இன்னுமொரு செய்தி சிந்திக்கத்தக்கது. தோல், பால், சோறு மூன்றையும் சேர்த்தரைத்த முழுமடற் சாற்றை நிறம் நீக்காமல் இரண்டாண்டுகள் எலிகளின் குடிநீரிற் கலந்து கொடுத்த சோதனையின் முடிவு 2013-இல் அமெரிக்காவில் வெளிவந்தது. அவ்வெலிகளின் பெருங்குடலிலே கட்டிகள் தோன்றியிருந்தன. சுண்டெலிகளில் அவ்வாறு காணப்படவில்லை. மனிதர்க்கும் அவ்வாறே நேரும் என்று இதுகொண்டு முடிவு கட்டலாகாது. எனினும், உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தார் முழுமடற் சாற்றை, மனிதர்க்குப் புற்றுநோய் விளைக்கலாமென ஐயுறத்தக்கவற்றின் வரிசையில் வைத்துள்ளனர். சோற்றை மட்டும் அவர்கள் அவ்வரிசையில் வைக்கவில்லை. ஐயம் முழுதும் பாலைப் பற்றியதேயாம்.

இனிச் சோற்றின் குணம் காண்போம். அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்குக்கு மேல் நீரே. எஞ்சிய சிறு பங்கிலே நீண்ட சங்கிலி போன்ற சர்க்கரைப் பொருள்கள் உள்ளன. அவற்றுட் சிறந்தது ஆசிமானன் எனப்படும். கையிற் பட்டால் வழுவழுப்பாய்த் தோன்றுவது இதனாலேயே. இது நீரைப் பிடித்து வைத்துக்கொண்டு புண்ணின் மேல் ஈரமான மென்போர்வையாய் அமைகின்றது. 1935-இல் அமெரிக்காவில் காலின்ஸ் என்னும் மருத்துவர் இருவர், எக்ஸ்ரே கதிரால் வெந்த தோலுக்குப் பச்சை மடலை இட்டு நலங்கண்டதை எழுதினர். மேனாட்டு மருத்துவர் பலரது கவனம் இதன்பாற் சென்றது அதன் பின்னரே. 2007-இல் தாய்லாந்து அறிஞர், 371 நோயாளிகளைக் கொண்ட நான்கு சோதனைகளை ஒருங்கு சேர்த்து ஆராய்ந்து, மேலெழுந்த தீப்புண்கள் கற்றாழையால் ஏறக்குறைய 9 நாள் முன்னதாக ஆறக்கூடும் என்று கண்டனர். சோதனைகள் சிலவே, அவை ஒரே முறையில் நடத்தப்பட்டனவுமல்ல. ஆதலின் இம்முடிவை ஓரளவே நம்பலாம் என்று அவர்களே ஒப்புக்கொண்டனர்.

இதற்கு மாறான சான்றும் உண்டு. வயிற்று அறுவைக்குப் பின் வாய் திறந்து நின்ற ஆழ்ந்த புண்ணுடைய 21 பெண்களை ஆராய்ந்த மருத்துவர், வழக்கமான சிகிச்சையில் 53 நாளில் ஆறிய புண், கற்றாழைக் களிம்பையும் சேர்த்திட்டபோது 83 நாள் பிடித்தது என்று 1991-இல் வெளியிட்டனர். மேற்றோல் வெந்த புண்ணுக்கு நன்மை செய்வது ஆழ்ந்த புண்ணுக்கும் நன்மை செய்யுமென்று கொள்ளலாகாது என்பது இதனாற் பெறப்படும். சர்வரோக நிவாரணி என்று எதனையும் கூறுவோர் சொல்லை நாம் ஐயுறுதலே தகும்.

இவற்றையெல்லாம் அறிந்தபின் மூதாட்டியின் கேள்விக்குத் திரும்புவோம். அறுத்த மடலை அடிப்பக்கம் கீழாகச் சாய்த்து நிறுத்தினால், பாலின் பெரும்பகுதி தன் எடையாலேயே வடிந்துவிடும். தோலை மட்டுமன்றி அதனை ஒட்டிய பச்சைப் பகுதியையும் ஆழச் சீவினால், பாலறைகள் தோலோடு நீங்கும். எஞ்சி ஒட்டியிருக்கும் ஆலோயின் நீரிற் கரையுந் தன்மையுடையதாதலின், நீரை மாற்றி மாற்றிக் கழுவக் கழுவக் குறைந்துகொண்டே போகும். ஒரே நீரில் நெடுநேரம் ஊறவைப்பதினும், சிறிது சிறிது நீரிற் பலமுறை அலசுவதே மிகுதியாய் நீக்கும் என்பது இரசாயன சாலையில் வேலை செய்த மாணவர் யாவரும் அறிந்த உண்மை. ஏழு என்னும் எண்ணிலே மந்திரம் ஒன்றுமில்லை. நாவிற் கசப்பு அறவே நீங்கும்வரை கழுவுக என்பதே அதன் பொருள். இன்று பெரிய ஆலைகளில் கரித்தூளின் வழியே சாற்றை வடிகட்டுவதும் இதே நோக்கத்திற்காகவே. உட்கொள்ளுஞ் சாற்றில் ஆலோயின் பத்து இலட்சத்தில் 10 பங்குக்கு மேற்படலாகாதென்று உலகக் கற்றாழை அறிவியற் கழகத்தார் வரம்பிட்டுள்ளனர். ஆலையின் கரித்தூள் செய்யும் வேலையைக் குப்பத்தின் மண்சட்டி நீர் தன் அளவிற் செய்துவந்தது.

நம் நாட்டு வழக்கங்களை இவ்வொளியில் நோக்கினால் பலவற்றின் கருத்துப் புலனாகும். கழுவிய சோற்றைப் பனைவெல்லத்துடனோ மோருடனோ உண்பது, சூடு தணிக்கச் சோற்றை மட்டும் நாடிய முறை. மூசாம்பரத்தைச் சிறிதளவே கொடுப்பது, பாலை மட்டும் நாடிய முறை. எண்ணெயிற் சோற்றைக் காய்ச்சி வடித்துத் தலைக்கிடுவது, புறப்பூச்சுக்குரிய முறை. எல்லா வழக்கங்களும் ஐயமற நிறுவப்பட்டன என்று நாம் கூறவில்லை. சோற்றின்மேற் படிகாரத்தைத் தூவி, பிரியும் நீரைக் கண்ணிலிடும் பழக்கம் ஒன்றுண்டு. நுண்ணுயிர்கள் அந்நீரிற் கலந்து கண்ணைக் கெடுக்கக்கூடுமாதலால் இதனைக் கைவிடுதலே அறிவுடைமை. பழமையென்பதற்காக அனைத்தையும் ஏற்றலும் தவறு. பழமையென்பதற்காகத் தள்ளுதலும் தவறு.

இச்செடியைக் கையாள விரும்பும் மாணவ நண்பர்கட்குச் சில சொற்கள். முதலாவது, செடியை அறிந்து எடுங்கள். இருப்புப்பாதை ஓரங்களில் வேலியாய் நிற்கும் ரயில் கற்றாழை அமெரிக்காவிலிருந்து வந்த வேறொரு குடும்பத்துச் செடி. அதன் மடல் நாருக்கு உதவும். சாறு பட்டால் தோல் அரித்துத் தடிக்கும். பெயர் ஒற்றுமை கண்டு ஏமாறலாகாது. இரண்டாவது, சிறு தீப்புண்ணுக்கு முதலிற் குளிர்ந்த நீரை நெடுநேரம் விட்டு, அதன்பின் நன்கு கழுவிய சோற்றை மேலே தடவலாம்; ஆழ்ந்த புண்ணுக்கு மருத்துவரையே நாடவேண்டும். மூன்றாவது, உட்கொள்ளும் மருந்தாக இதனைத் தாமே தொடங்கலாகாது. கர்ப்பிணிகள், குழந்தைகள், சிறுநீரக நோயுடையோர், இருதயத்துக்கு மருந்துண்போர் ஆகியோர் விலகியிருத்தல் வேண்டும். முறையறிந்து கேட்கவேண்டுமாயின் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. 2005-இல் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனம் நம் செங்கற்பட்டு மாவட்டத்துத் தாம்பரம் சானடோரியத்திலேயே உள்ளது. அதன் அயோத்திதாச பண்டிதர் மருத்துவமனையில் கற்றறிந்த மருத்துவர் உளர். செங்கற்பட்டை அடுத்த தண்டரையில் இருளர் குலப் பெண்கள் தம் சங்கத்தின் வழியாக மூலிகைகளை வளர்த்து, தலைமுறை வழிவந்த அறிவைக் காத்து வருகின்றனர்.

அறிவு ஏட்டில் மட்டும் இருப்பதன்று, கையிலும் இருப்பது. மென்று பார்த்த ஹெய்னின் நாவிலும், எலியின் குடலை ஆராய்ந்த அறிஞரின் குறிப்பேட்டிலும், மண்சட்டியில் நீரை மாற்றி மாற்றி அலசிய மூதாட்டியின் விரல்களிலும் இருந்தது ஓர் உண்மையே. அம்மூதாட்டி தலைமுறையினர் மறைந்தபின், மடல் நம் கையில் எஞ்சும். கழுவும் முறை எஞ்சாது. அம்முறையைக் கேட்டறிந்து, காரணத்தோடு எழுதி வைத்தல் கல்லூரியிற் பயில்வார் கடன். அடுத்த விடுமுறைக்கு ஊர் செல்லும் நண்பர்காள், உங்கள் பாட்டியாரிடம் ஒரு மடலைக் கொடுத்து, அவர் அதனை எப்படிக் கழுவுகின்றார் என்று அருகிருந்து பார்த்து வாருங்கள்.